தவிலுக்கு ஒரு தடம், பம்பைக்கு ஒரு தடம்

திண்டுக்கல் வட்டாரத்து மைக் செட் தொழில் கண்ணெதிரே மாறிவிட்டது. கூம்புக் குழாய், அகுஜா ஆம்ப்ளிஃபயர், இரண்டு மைக் என்று ஓடிக்கொண்டிருந்த தொழில் அது. இன்று வத்தலக்குண்டு, நத்தம், வேடசந்தூர் பக்கம் கொஞ்சம் பெரிய திருவிழா என்றால் மேடைக்கு எதிரே டிஜிட்டல் மிக்சர் வந்து உட்காருகிறது. 2012-ல் சந்தைக்கு வந்த பெரிங்கர் எக்ஸ்32 போன்ற மிக்சர்கள், ஒரு காலத்தில் சென்னை ஸ்டூடியோக்களில் மட்டும் இருந்த வசதியை ஊர்ப் பொட்டலுக்குக் கொண்டுவந்துவிட்டன. ஒரே நேரத்தில் 32 மைக்குகளின் ஒலியைத் தனித்தனியே வாங்கி, தனித்தனியே எண்களாக்கி, தனித்தனியே வெளியே அனுப்ப அவற்றால் முடியும்.

ஆனால் திருவிழா முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது? வீடியோக்காரரின் கேமராவில் எல்லாம் கலந்த ஒரு ஒலி. ஆளுக்கொரு செல்போனில் நாற்பது விநாடித் துண்டுகள். விடிய விடிய வாசித்த மேளத்தின் ஒவ்வொரு கருவியும் அந்த மிக்சருக்குள் தனியாகத்தான் ஓடியது. அதைத் தனியாகவே எடுத்து வைக்க ஒரு கேபிளும், ஒரு ரெக்கார்டரோ லேப்டாப்போ, மெனுவில் இரண்டு மூன்று மாற்றங்களும் போதும். அதை யாரும் செய்வதில்லை. இது பணம் இல்லாததால் வரும் இழப்பு என்று சொல்ல முடியாது. கேட்பாரும் இல்லை, சொல்லிக்கொடுப்பாரும் இல்லை என்பதால் வரும் இழப்பு.

திண்டுக்கல் மாவட்டத்து நாட்டுப்புற இசையை, அது வாசிக்கப்படும் இடத்திலேயே, கருவிக்கு ஒரு தடமாகப் பதிந்து வைக்க வேண்டும். மிக்சரின் டிஜிட்டல் ஒலியை ரெக்கார்டருக்குள் சரியாக வாங்கும் வேலையை மைக் செட்காரர்களுக்கே கற்றுத்தர வேண்டும். இதைக் காலம் தாழ்த்தாமல் செய்தாக வேண்டும் என்பதே இங்கே சொல்ல வருவது.

கலந்த ஒலியில் எது போகிறது என்பதை நையாண்டி மேளத்தை வைத்தே பார்க்கலாம். இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, ஒரு தாளம் என்பது பரவலாக உள்ள அமைப்பு. கரகாட்டக்காரரின் காலுக்கு ஏற்ப முதல் தவில் ஒரு கணக்கை வீச, இரண்டாம் தவில் அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். நடுவே பம்பை குறுக்கே பாயும். நேரில் நிற்பவருக்கு இது முழுதாகப் புரியும். மனிதக் காதுக்கு எந்த ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிரித்தறியும் திறன் உண்டு. கண்ணும் துணைக்கு வரும். செல்போன் பதிவில் அந்த இரண்டு தவில்களும் ஒரே இரைச்சலாகிவிடுகின்றன. தவிலைக் கற்க வரும் ஒரு பையன் அந்தப் பதிவைக் கேட்டு இரண்டாம் தவில்காரர் என்ன பதில் சொன்னார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் பேசிய சொற்கட்டும், தொப்பியில் கழி விழுந்த இடமும் அதில் இல்லை.

1989-ல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படம் இந்தக் கலையைத் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஒன்றாக்கியது. அதற்கு முன், 1968-ல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதசுரம் ஒலித்தது. சினிமா எடுத்துக்கொண்டதால் சில நிமிடங்கள் நல்ல தரத்தில் தங்கின. சினிமா தொடாத மேளம் எவ்வளவோ! ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு செட்டுக்கும் சொந்தமான நடைகள் வாசித்தவரின் கையோடு போய்க்கொண்டிருக்கின்றன.

பறையைச் சொல்லாமல் திண்டுக்கல்லின் ஒலியைப் பற்றிப் பேச முடியாது. அருட்சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழு இதே திண்டுக்கல்லில் இருந்து இயங்குகிறது. சாவு வீட்டு வாசலில் ஆண்கள் மட்டும் அடிப்பது என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பறையைத் தலித் இளம்பெண்கள் மேடையில் நிமிர்ந்து நின்று அடிக்க வைத்த குழு அது. அமெரிக்காவின் ஒக்லஹோமா பல்கலைக்கழக இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் அந்தக் குழுவைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்றே ஓர் ஆவணப்படம் எடுத்தார். பக்கத்து மாவட்டத்து அலங்காநல்லூரின் பறை ஆசான் வேலுவுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெருமை வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் பெருமைக்குரிய ஒலி எந்த நிலையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால்தான் கவலை வருகிறது.

பறைக்கு இரண்டு குச்சி. குட்டையான அடிக்குச்சி தோலில் விழும்போது எழும் ஒலி வேறு, நீண்டு மெலிந்த சிம்புக்குச்சி தெறிக்கும் ஒலி வேறு. தீயில் காய்ச்சித் தோலை இறுக்கிய பறையில் அந்தத் தெறிப்பு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எழுந்து அடங்கிவிடும். பெரும்பாலான செல்போன்கள் அதைக் கேட்டதும் தாமாகவே ஒலியளவைக் கீழே இழுத்துவிடுகின்றன. அடுத்து வரும் மெல்லிய அடியும் சேர்ந்தே அமுங்குகிறது. வாட்ஸ்அப் வழியாக அனுப்பும்போது இன்னொரு முறை நசுங்குகிறது. தேவராட்டத்தில் உறுமியின் தோலில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழும் அந்த அடிவயிற்று முனகல், செல்போனில் திரும்பக் கேட்கும்போது ஏறக்குறைய காணாமலே போய்விடுகிறது.

வெளியூர் ஆய்வாளர்கள் இந்த அருமையை முன்பே உணர்ந்திருந்தார்கள். டச்சு அறிஞர் ஆர்னால்ட் பாகே 1938-39-ல் தென்னிந்தியாவில் சுற்றிக் கூத்து, பாட்டு, மேளம் என்று பதிந்துகொண்டு போனார். 1984-ல் நஸீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளோடு தமிழகம், கேரளம், கர்நாடகத்தில் அதே இடங்களைத் தேடி வந்தார்கள். பழைய ஒலியை ஊர்க்காரர்களுக்கே போட்டுக் காட்டி, எது மாறியது, எது நின்றது என்று பார்த்தார்கள். 1982-ல் புணேயில் தொடங்கப்பட்டுப் பின்னர் குருகிராமுக்குப் போன அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இசை ஆவணக் காப்பகம் இப்படிப்பட்ட பதிவுகளைக் காத்து வருகிறது. பாகேயிடம் இருந்த பதிவுப் பெட்டியில் மொத்தமே ஒரு தடம்தான். அவர் காலத்தில் அதற்கு மேல் வழியில்லை. இன்று நம்மிடம் 32 தடங்கள் இருந்தும் அவர் நிலையிலேயே நிற்கிறோம்.

தடம் தடமாகப் பதிவது உலகத்தில் எப்படி எளிதாயிற்று என்பது சுவையான கதை. கிதார்க் கலைஞர் லெஸ் பால் 1957-ல் ஆம்பெக்ஸ் நிறுவனத்திடம் எட்டுத் தட டேப் இயந்திரம் ஒன்றை வாங்கினார். ஒரு அலமாரி உயரம் இருந்த அதை அன்று அவரைப் போன்ற ஒரு சிலரால்தான் வாங்க முடிந்தது. 1991-ல் அலெசிஸ் நிறுவனம் ஏடாட் என்ற பெட்டியை அறிவித்தது. மறு ஆண்டு அது கடைக்கு வந்தது. சாதாரண வீடியோ கேசட்டைப் போலிருக்கும் எஸ்-விஎச்எஸ் கேசட்டில் எட்டுத் தடங்களை டிஜிட்டலாகப் பதியலாம். இப்படி 16 பெட்டிகளை ஒன்றோடொன்று கோத்தால் 128 தடங்கள். வீட்டிலேயே ஸ்டூடியோ வைக்கும் பழக்கம் பரவியது அதற்குப் பிறகுதான். ஏடாட் பெட்டி பழங்கதையாகிவிட்டாலும், எட்டுத் தட ஒலியை ஒரே ஒளியிழைக் கேபிளில் அனுப்பும் அதன் முறை இன்றும் எல்லா நாடுகளிலும் புழங்குகிறது. ஏழு கருவி வாசிக்கும் நையாண்டி மேளத்துக்கு அந்த ஒரு கேபிள் போதும். மிஞ்சும் எட்டாவது தடத்தில் கூட்டத்தின் குலவையையும் விசிலையும் வாங்கிக்கொள்ளலாம்.

இனி டிஜிட்டல் உள்ளீடு என்பதற்கு வருவோம். மைக்கில் இருந்து வருவது மிக நுண்ணிய மின்னழுத்தம். மிக்சர் அதைப் பெருக்கி, விநாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஒரு எண்ணாக்குகிறது. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால் எதுவும் தப்பாது என்பதால்தான் சிடிக்கு 44,100, வீடியோவுக்கு 48,000 என்று வைத்தார்கள். எண்ணான பிறகு மீண்டும் அதை மின்னழுத்தமாக்கி, ரெக்கார்டரின் சாதாரண லைன் உள்ளீட்டில் செருகி, மறுபடியும் எண்ணாக்குவது வீண் வேலை. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் இரைச்சல் ஏறும். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மின்சாரத்தில் ‘ம்ம்ம்’ என்ற ஹம் சத்தம் நுழைவதும் பெரும்பாலும் இந்த இணைப்புகள் வழியாகத்தான். எண்ணை எண்ணாகவே வாங்கிக்கொள்வதுதான் டிஜிட்டல் உள்ளீட்டின் பயன்.

மைக் செட்காரர்கள் தடுமாறும் இடங்கள் சில உண்டு. ஏடாட் ஒளியிழைக் கேபிளும், வீட்டு டிவியில் இருந்து ஹோம் தியேட்டருக்குப் போகும் டாஸ்லிங்க் கேபிளும் ஒன்றேதான். செருகும் முனையும் ஒன்றே. உள்ளே ஓடுவதுதான் வேறு. டிவியில் இருந்து வருவது இரண்டு தட எஸ்பிடிஃப். ஏடாட் முறையில் எட்டுத் தடம். ரெக்கார்டரின் மெனுவில் எது வருகிறது என்று சொல்லாவிட்டால், கேபிள் சரியாக இருந்தும் ஒலி வராது, அல்லது கரகரப்புதான் வரும். அந்தக் கேபிள் பத்து மீட்டருக்கு மேல் நீளக்கூடாது, மடியக்கூடாது, கூட்டத்தின் காலில் மிதிபடக்கூடாது. ரெக்கார்டரை மிக்சருக்கு அருகிலேயே வைப்பதுதான் நல்லது. ஏஇஎஸ் என்ற இன்னொரு டிஜிட்டல் முறையில் இணைப்பவர்கள் மைக் கேபிளையே எடுத்துச் செருகுவதுண்டு. முனை பொருந்தும், ஒன்றிரண்டு மீட்டருக்கு ஓடவும் செய்யும். நீளம் கூடினால் நம்ப முடியாது. அதற்கென 110 ஓம் கேபிள் தனியாக இருக்கிறது.

எக்ஸ்32 வகை மிக்சர் வைத்திருப்பவருக்கு இன்னும் எளிது. அதன் பின்புறத்து யூஎஸ்பி கார்டில் இருந்து ஒரு கேபிளை லேப்டாப்புக்குக் கொடுத்தால் 32 தடங்களும் அதன் வழியே போகும். எஸ்டி கார்டிலேயே நேராகப் பதியும் எக்ஸ்-லைவ் கார்டும் கிடைக்கிறது. இதைத் தெரியாமலே அந்த மிக்சரை வைத்துத் தொழில் செய்பவர்கள் ஏராளம். அவர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. கடையில் விற்றவர் சொல்லவில்லை. விழாக் கமிட்டியும் கேட்கவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது கடிகாரம். டிஜிட்டல் கருவி ஒவ்வொன்றுக்குள்ளும் அளக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. மேளத்தில் தாளக்காரர் ஒருவர் பிடிக்கும் தாளத்துக்குத்தான் எல்லோரும் வாசிப்பார்கள். ஆளுக்கொரு தாளம் பிடித்தால் கச்சேரி குலைந்துவிடும். மிக்சரும் ரெக்கார்டரும் அப்படித்தான். இரண்டுமே 48,000 என்று காட்டினாலும் இரண்டு கடிகாரங்கள் ஒருபோதும் துல்லியமாக ஒத்திருக்காது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே விநாடிக்கு ஏறக்குறைய ஒரு அளவு கூடவோ குறையவோ செய்யும். அது பதிவில் ‘டிக்’ என்று கேட்கும். தவில் முழங்கும்போது அந்த டிக் காதில் விழாது. வீட்டுக்குப் போய் நாயனத் தடத்தை மட்டும் தனியாகக் கேட்கும்போது விநாடிக்கு விநாடி குத்தும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது. மிக்சரை ‘இன்டர்னல்’ என்றும், ரெக்கார்டரை வெளியிலிருந்து கடிகாரம் வாங்கும்படியும் வைத்துவிட்டால் போதும். ஏடாட் கேபிளே அந்தக் கடிகாரத்தையும் சுமந்து வரும். பல பெட்டிகள் சேரும் பெரிய அமைப்பில் வேர்ட் கிளாக் என்ற தனிக் கேபிள் போடுவார்கள். சிசிடிவி கேமராவுக்குப் போடும் அதே 75 ஓம் பிஎன்சி வகைதான்.

இன்னொரு விபத்து வேக எண் மாறிப்போவது. மிக்சர் 48,000-ல் ஓட, ரெக்கார்டர் அதை 44,100 என்று கோப்பில் குறித்துக்கொண்டால், திரும்பக் கேட்கும்போது எல்லாம் மெதுவாகவும் கனத்தும் ஒலிக்கும். சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கிவிடும். இரண்டு கட்டை நாயனம் ஒன்றேகால் கட்டையாகக் கேட்கும். பத்தாண்டு கழித்துக் கேட்கும் மாணவர் இந்த ஊரில் இப்படித்தான் சுருதி வைத்தார்கள் என்று நம்பிவிடவும் கூடும். ஆய்வுக்காகச் சேமித்த பதிவே தவறான சாட்சியாகிவிடுகிறது. பதிவு தொடங்குமுன் இரண்டு திரைகளிலும் அந்த எண்ணை ஒரு முறை பார்ப்பதுதான் இதற்குத் தடுப்பு.

ஒலியளவில் நம் ஆட்களுக்கு ஒரு பழைய பழக்கம். டேப் காலத்தில் முள் சிவப்பைத் தொட்டால்தான் பதிவு நன்றாக வந்தது என்று எண்ணுவார்கள். டிஜிட்டலில் பூஜ்யத்துக்கு மேலே இடமே கிடையாது. தவிலின் ஒரு பலத்த அடி அந்தக் கூரையில் முட்டினால் அந்த இடத்தில் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும்; அதை ஒட்ட வைக்க முடியாது. ஒவ்வொரு அளவையும் 24 பிட் எண்ணாகப் பதிந்தால் கொள்கையளவில் 144 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. 16 பிட்டில் 96 தான். அவ்வளவு இடம் இருக்கும்போது, மிக உரத்த அடியும் பூஜ்யத்துக்கு 12 டெசிபல் கீழேயே நிற்கும்படி வைத்துக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. சாமி இறங்கும் நேரத்தில் தவில்காரரின் வேகம் ஒத்திகையில் பார்த்த அளவுக்குள் நிற்காது. அதோடு, ரெக்கார்டருக்குப் போகும் ஒலியை மிக்சரின் ஃபேடருக்கும் டோன் மாற்றங்களுக்கும் முன்பே பிரித்து எடுக்க வேண்டும். கூட்டத்துக்காக மைக் செட்காரர் பம்பையைக் குறைத்தால், பதிவில் பம்பை குறையக்கூடாது.

தவிலின் இரு பக்கமும் தனித்தனி மைக் வைக்க விரும்பினால் எட்டுத் தடம் பற்றாது; இரண்டு ஒளியிழைக் கேபிள்களில் 16 தடமாகப் போக வேண்டும். கையில் எட்டுத்தான் உண்டு என்றால் எட்டிலேயே தொடங்கலாம்.

இடத்துக்கும் பஞ்சமில்லை. 48,000 வேகத்தில், 24 பிட்டில், எட்டுத் தடம் பதிந்தால் மணிக்கு ஏறக்குறைய 4.15 ஜிபி ஆகும். ஆறு மணி நேரக் கரகாட்டம் 25 ஜிபிக்குள் அடங்கும்; ஒரு 32 ஜிபி மெமரி கார்டு அதைத் தாங்கும். எட்டுத் தடத்தையும் ஒரே கோப்பாக எழுதும் ரெக்கார்டர்களில் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கோப்பு உடைந்து அடுத்தது தொடங்கும். பழைய கார்டு முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது என்பதே காரணம், பதறத் தேவையில்லை. பதற வேண்டியது மின்சாரத்துக்கு. கரண்ட்டில் இருந்து ஜெனரேட்டருக்கு மாறும் அந்த இரண்டு விநாடியில் ரெக்கார்டர் அணைந்தால், முடித்து மூடப்படாத கோப்பு திறக்காமலே போகலாம். ரெக்கார்டருக்கும் மிக்சருக்கும் ஒரு சிறு யூபிஎஸ் கட்டாயம் வேண்டும்.

பதிந்ததும் மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில் என்பது ஆவணக் காப்பாளர்களின் விதி. 2008 ஜூன் 1-ஆம் தேதி ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் மூண்ட தீயில் புகழ்பெற்ற இசைக் கலைஞர்களின் மூலப் பதிவுகள் அழிந்தன. அதன் அளவு வெளி உலகுக்குத் தெரியவே 2019 ஆயிற்று. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால், ஒரே ஒரு பென் டிரைவில் ஊர் மேளத்தை வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து.

இவ்வளவு பாடு எதற்கு, எல்லாம் கலந்த பதிவில் இருந்தே இப்போது செயற்கை நுண்ணறிவு கருவிகளைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பீட்டில்ஸ் குழுவின் 1966 இசைத்தட்டான ‘ரிவால்வர்’, பழைய நான்கு தட டேப்பில் இருந்து இப்படிப் பிரிக்கப்பட்டு 2022-ல் புதிதாகக் கலக்கப்பட்டது. அதே குழுவின் ஜான் லென்னன் வீட்டில் கேசட்டில் பாடி வைத்த குரலைப் பியானோவில் இருந்து பிரித்தெடுத்து 2023 நவம்பரில் ‘நவ் அண்ட் தென்’ பாட்டை வெளியிட்டார்கள். ஆனால் அந்த மென்பொருள்கள் எதைக் கேட்டுப் பழகியவை என்று பார்க்க வேண்டும். டீசர் நிறுவனம் 2019-ல் இலவசமாக வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருள், பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ், பியானோ, மற்றவை என்று பிரிக்கும். நம் மேளத்தைக் கொடுத்தால் தவிலும் பம்பையும் தமுக்கும் எந்தக் கூடையில் விழும்? இரண்டு தவில்களில் எது யாருடையது என்று அது எப்படி அறியும்? நாளை அப்படி ஒரு மென்பொருளை உருவாக்க யாராவது முன்வந்தாலும், அதற்குப் பாடம் சொல்லித்தரத் தவில் தனியாக, பம்பை தனியாகப் பதிந்த ஒலி வேண்டும். அது இன்று பதிந்தால்தான் இருக்கும்.

கலைஞர்களை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய்ப் பதியலாமே என்பது இன்னொரு யோசனை. செய்யலாம், தவறில்லை. கண்ணாடி அறைக்குள் காதில் ஹெட்போன் மாட்டி வாசிக்கும் நையாண்டி மேளம் பாடப் பதிவாக இருக்குமே தவிர, முழு மேளமாக இருக்காது. எதிரே கரகம் ஆடினால்தான் தவில்காரருக்குக் கை பேசும். முளைப்பாரி கிளம்பும்போது ஒரு நடை, அம்மன் வாசலில் நிற்கும்போது ஒரு நடை என்று மாறுவதெல்லாம் இடத்தோடும் நேரத்தோடும் பிறப்பவை. அவற்றைப் பொட்டலில்தான் பிடிக்க முடியும்.

பதிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகலைஞர்களுக்குத் தனி உரிமை கொடுத்திருக்கிறது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர் மட்டுமன்றி, கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் கூட அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. அந்த உரிமை 50 ஆண்டுகளுக்கு நிற்கும். 2012 திருத்தம் கலைஞரின் பெயரைக் குறிப்பிட வேண்டும், அவர் கலையைச் சிதைக்கக்கூடாது என்ற தார்மீக உரிமையையும் சேர்த்தது. ஊர்த் திருவிழாவில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? யாரோ ஒருவர் யூடியூபில் ஏற்றுகிறார். வருமானம் அவருக்குப் போகிறது. வாசித்தவரின் பெயர் கூட கீழே இருப்பதில்லை. தனித்தனித் தடங்களாகப் பதிந்தால் இந்த அபாயம் கூடும். ஒருவருடைய பறையடியை மட்டும் வெட்டி எடுத்து யாரும் எந்தப் பாட்டிலும் ஒட்டிக்கொள்ளலாம். பதியும் முன் எழுத்தில் ஒப்புதல், பதிந்த பின் கலைஞர் ஒவ்வொருவருக்கும் முழுப் பிரதி, வணிகப் பயன்பாடு என்றால் அவருக்குப் பங்கு என்ற மூன்றும் இல்லாத பதிவு திருட்டுக்குச் சமம். தலைமுறை தலைமுறையாகக் கூலியும் மரியாதையும் குறைத்தே கொடுக்கப்பட்டவர்களின் கலை இது என்பதால் இதில் ஒரு இம்மி கூட விட்டுக்கொடுக்க இடமில்லை.

செய்ய ஆள் இல்லாமல் இல்லை. 1956-ல் தொடங்கிய காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் தமிழோடு கிராமியக் கலைகளுக்கும் சேர்த்தே ஒரு புலம் இருக்கிறது. சின்னாளபட்டிக்கு அருகே, நான்கு பக்கமும் கலைஞர்கள் வாழும் ஊர்களுக்கு நடுவே இருக்கிறது அந்த வளாகம். மைக் செட் தொழிலாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் இந்த மாவட்டத்தில் இல்லை. தவில், நாதசுரப் பள்ளி நடத்தும் பழனி தேவஸ்தானம், தன் மாணவர்களின் அரங்கேற்றத்தையும் மூத்த வித்வான்களின் வாசிப்பையும் தடம் தடமாகப் பதியத் தொடங்கலாம். மாணவர்களுக்கு அதைவிட நல்ல பாடநூல் கிடைக்காது. 100.5-ல் மாவட்டம் முழுக்கக் கேட்கும் கொடைக்கானல் பண்பலை, வாரம் ஒரு மணி நேரம் அப்படிப் பதிந்த மேளத்தை ஒலிபரப்பலாம். மாவட்ட நிர்வாகமும் கலை பண்பாட்டுத் துறையும் ஒரு பொதுக் காப்பகத்துக்கு இடமும் வட்டுகளும் கொடுத்தால் போதும்.

பயிற்சியில் எதை முதலில் சொல்லித்தர வேண்டும் என்பதிலும் ஒரு கருத்து உண்டு. விலை உயர்ந்த கருவிகளைக் காட்டி மலைக்க வைப்பதில் பயனில்லை. அவரவர் வைத்திருக்கும் மிக்சரையே கொண்டுவரச் சொல்லி, அதன் பின்புறத்தில் எந்தத் துளை எதற்கு என்று காட்டி, கடிகாரத்தை எங்கே மாற்றுவது, தடத்துக்குப் பெயர் எப்படி இடுவது என்று கையால் செய்ய வைக்க வேண்டும். ‘டிராக் 1, டிராக் 2’ என்று கிடக்கும் கோப்புகள் ஐந்தாண்டு கழித்து யாருக்கும் உதவாது. ஊர், தேதி, கருவி, வாசித்தவர் பெயர் என்று அன்றைக்கே எழுத வேண்டும். மேளம் தொடங்குமுன் ஒவ்வொருவரையும் தம் பெயர், ஊர், ஆசான் பெயர் சொல்லச் சொல்லி அவரவர் மைக்கிலேயே பதிந்துவிட்டால், எந்தத் தடம் யாருடையது என்ற சந்தேகமே எழாது.

விழாக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவுக்குச் சவுண்ட் சர்வீஸ் பேசும்போது பெட்டி எத்தனை, லைட் எத்தனை என்பதோடு, மேளத்தைத் தனித்தனித் தடமாகப் பதிந்து தர வேண்டும் என்ற ஒரு வரியையும் பேச்சில் சேருங்கள். அதற்கான கூலியை மைக் செட்காரருக்குத் தாராளமாகக் கொடுங்கள். கலைஞர்களிடம் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். முதல் பிரதியை அந்த மேளக்காரர்கள் கையிலேயே கொடுங்கள்.